சமுதாயக் கல்லூரிகளில் முதலாண்டு இடைநிற்றல் ஏன்? பட்டம் பெறுவோரின் விகிதத்தை இரட்டிப்பாக்கிய நியூயார்க் திட்டம்: முழு விவரம்

புதுடெல்லி: அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் சேர்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் மூன்று ஆண்டுகள் கடந்த பின்னரும் பட்டம் பெறுவதில்லை. இந்த இடைநிற்றலில் பெரும்பகுதி முதலாண்டிலேயே நிகழ்ந்துவிடுகிறது. இதற்குக் காரணம் மாணவர்களின் திறமைக் குறைவு மட்டுமே என்று நீண்ட காலம் கருதப்பட்டது. பேருந்துக் கட்டணம், பாடநூல் விலை, வழிகாட்ட ஆள் இல்லாமை போன்ற சிறிய தடைகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்பதை நியூயார்க் நகரில் செயல்படுத்தப்பட்ட ஒரு திட்டம் வெளிப்படுத்தியது.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

அமெரிக்காவில் இரண்டாண்டு 'அசோசியேட்' பட்டமும் தொழிற்சான்றிதழ்களும் வழங்கும் பொதுக் கல்வி நிலையங்களே சமுதாயக் கல்லூரிகள். இல்லினாய் மாகாணத்தில் 1901-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜோலியட் ஜூனியர் கல்லூரி இவற்றுள் மிகப் பழமையானதாகும். பள்ளிக் கல்வியை முடித்த எவரும் பெரும்பாலும் தடையின்றிச் சேரலாம், கட்டணமும் குறைவு. இங்கு இரண்டு ஆண்டுகள் பயின்றபின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடரவும் வழியுண்டு.

இதனால் ஏழை மாணவர்கள், புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள், வேலை செய்துகொண்டே படிப்போர், குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் எனப் பலதரப்பினரும் இக்கல்லூரிகளையே நாடுகின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் இவர்களுள் கணிசமானோர்.

முதலாண்டில் என்ன சிக்கல்?

முதல் தடை, நுழைவுநிலைத் தேர்வு. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்த மதிப்பெண் பெறுவோர், பட்டத்திற்குக் கணக்கில் கொள்ளப்படாத அடிப்படை வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டு வந்தனர். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு, மூன்று பருவங்கள் இவ்வகுப்புகளிலேயே கழிந்ததும் உண்டு. பணமும் காலமும் செலவாகும். பட்டமோ ஓரடிகூட நெருங்கி வராது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒரு பகுதியினர் விலகிவிடுவர்.

இரண்டாவது தடை, நிதியுதவி நடைமுறை. மத்திய அரசின் 'பெல்' உதவித்தொகையைப் பெற ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதை அறியாமலோ மறந்தோ விண்ணப்பிக்கத் தவறுவோர், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்த இயலாமல் நின்றுவிடுகின்றனர்.

மூன்றாவது தடை, ஆலோசகர் பற்றாக்குறை. பல கல்லூரிகளில் ஓர் ஆலோசகரிடம் பல நூறு மாணவர்கள் ஒப்படைக்கப்படுகின்றனர். எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று கேட்பதற்குக்கூட ஆள் கிடைப்பதில்லை.

நியூயார்க் செய்தது என்ன?

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகர நிர்வாகத்தின் நிதியுதவியுடன் 2007-ஆம் ஆண்டில் 'ஏஎஸ்ஏபி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இதில் சேரும் மாணவர்கள் முழுநேரமாகப் படிக்க வேண்டும். அடிப்படை வகுப்புகளைத் தள்ளிப்போடாமல் தொடக்கத்திலேயே முடிக்க வேண்டும். ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும்.

அதற்கு ஈடாக, உதவித்தொகைக்கும் கல்விக் கட்டணத்திற்கும் இடையிலான பற்றாக்குறையைத் திட்டமே ஏற்றது. பாடநூல்களுக்கு உதவி, தனிப்பயிற்சி, மாணவர்களின் வசதிக்கேற்ற வகுப்பு நேரம் ஆகியனவும் வழங்கப்பட்டன. ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டனர்.

நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் கட்டணமின்றிப் பயணிப்பதற்கான மாதாந்திர அட்டையும் தரப்பட்டது. ஆலோசகரைச் சந்திப்பது உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றுவோருக்கே அந்த அட்டை கிடைக்கும். இதனால் பயணச் செலவு குறைந்ததுடன், மாணவர்கள் மாதந்தோறும் ஆலோசகரிடம் வருவதும் உறுதியானது. ஒரு மாணவர் தடுமாறுவது பருவத் தேர்வுக்கு முன்பே தெரியவந்தது.

பலன் எவ்வாறு அளவிடப்பட்டது?

'எம்டிஆர்சி' என்ற ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளைச் சேர்ந்த 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கி ஆராய்ந்தது. மூன்று ஆண்டுகளின் முடிவில், திட்டத்தில் இடம்பெற்றோரில் சுமார் 40 சதவீதத்தினர் பட்டம் பெற்றனர். வழக்கமான முறையில் பயின்றோரில் இது சுமார் 22 சதவீதமாக இருந்தது.

ஒரு மாணவருக்கான செலவு மூன்று ஆண்டுகளில் சுமார் 16,300 டாலர் கூடியது. எனினும், பட்டம் பெற்றோரின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானதால், ஒரு பட்டத்திற்கு ஆகும் சராசரிச் செலவு குறைந்தது என 2015-இல் வெளியான ஆய்வறிக்கை தெரிவித்தது.

வேறு இடங்களில் இது சாத்தியமா?

ஒஹையோ மாகாணத்தின் மூன்று கல்லூரிகள் 2014-ஆம் ஆண்டு முதல் இதே முறையைப் பின்பற்றின. அங்குப் பலரும் சொந்த வாகனத்தில் வருவதால், பயண அட்டைக்குப் பதிலாக எரிபொருளும் மளிகைப் பொருள்களும் வாங்க மாதம் 50 டாலர் மதிப்புள்ள அட்டை வழங்கப்பட்டது. அங்கும் பட்டம் பெறுவோரின் விகிதம் கணிசமாக உயர்ந்தது.

அடிப்படை வகுப்புகளின் தடையை நீக்கவும் சில மாகாணங்கள் முனைந்தன. மாணவர்களை நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்து, அதே பருவத்தில் கூடுதல் பயிற்சி அளிக்கும் முறையை டென்னசி 2015-இல் பரவலாக்கியது. கலிஃபோர்னியா 2017-இல் இயற்றிய சட்டம், நுழைவுநிலைத் தேர்வை மட்டும் நம்பாமல் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களையும் கருத்தில் கொள்ளக் கல்லூரிகளைப் பணித்தது.

எஞ்சியுள்ள கேள்விகள்

நியூயார்க் திட்டத்திலும் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்று ஆண்டுகளில் பட்டம் பெறவில்லை. முழுநேரப் படிப்பு கட்டாயம் என்பதால், பகுதிநேரமாக மட்டுமே பயில இயலும் தொழிலாளர்களுக்கு இதன் பயன் எட்டுவதில்லை. பல உதவிகள் ஒருங்கே வழங்கப்பட்டதால், அவற்றுள் எது அதிகப் பலன் தந்தது என்பதையும் ஆய்வால் தனித்துப் பிரித்துக் கூற இயலவில்லை.

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி முறை 1995-ஆம் ஆண்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அறிமுகமானது. இடையில் விலகுவோர் முதலாண்டின் முடிவில் சான்றிதழும், இரண்டாம் ஆண்டின் முடிவில் பட்டயமும் பெற தேசிய கல்விக் கொள்கை 2020 வழிவகுக்கிறது. படித்த காலம் வீணாகாமல் இந்த ஏற்பாடு காக்கும். ஆனால், விலக விரும்பாத மாணவரைப் படிப்பில் தக்கவைக்க, முதல் பருவத்திலேயே கிடைக்கும் வழிகாட்டலும் உதவியும் தேவை என்பதையே அமெரிக்க அனுபவம் உணர்த்துகிறது.