உமியும் உமிச்சாம்பலும்: கல்லுக்கு ஆகும், ஓட்டுக்கு ஆகுமா?

பாலையூற்றுக்குத் திரும்பி வந்து வீட்டைத் திருத்தத் தொடங்கியிருக்கும் குடும்பங்களுக்குக் கல்லும் ஓடும்தான் பெரிய செலவு. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நெல் விளைகிறது. நெல் குற்றும் இடத்தில் உமி சேர்கிறது. அதைக் களிமண்ணோடு சேர்த்தால் செலவு குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். குறையும். ஆனால் எதில் சேர்ப்பது என்று தெரியாமல் சேர்த்தால் மாரிமழையில் சுவர் ஊறும், கூரை ஒழுகும்.

1,000 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 200 கிலோ உமி வரும். அதை எரித்தால் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது வெண்மணலில் உள்ள அதே பொருள்.

செங்கல்லுக்கு உமியை அப்படியே சேர்க்கலாம். பச்சைக் கல் காயும்போது வெடிப்பது குறையும். சூளையில் உமி கல்லுக்குள்ளேயே எரிவதால் விறகும் மிச்சம். எரிந்த இடம் சிறு துளையாக நின்றுவிடும். ஆகவே கல் பாரம் குறையும், வீட்டுக்குள் வெக்கையும் குறையும். அதே துளைகள்தான் தண்ணீரையும் குடிக்கும், கல்லின் பலத்தையும் குறைக்கும். 100 கிலோ களிமண்ணுக்கு 5 கிலோவுக்கு மேல் போக வேண்டாம். உமி பாரமில்லாதது, 5 கிலோவே அரைச் சாக்குக்கு மேல் வரும். கூடைக் கணக்கில் கலப்பவர்கள் இங்கேதான் பிழை விடுகிறார்கள். அத்திவாரத்துக்கும் கிணற்றுக்கட்டுக்கும் உமி கலந்த கல் வேண்டாம்.

கூரை ஓட்டில் உமியைச் சேர்க்கவே கூடாது. மெல்லிய ஓட்டில் துளை விழுந்தால் ஒழுக்குத்தான். தரைக்குப் பதிக்கும் மாபிளுக்கு உமிச்சாம்பல் பயன்படும்: மணலின் ஒரு பகுதிக்குப் பதிலாக, நன்றாக எரிந்து வெளுத்த சாம்பலை மாவாக அரைத்துச் சேர்க்கலாம். கறுத்த சாம்பலில் கரி இருக்கும். சூளையில் அது ஓட்டை உப்பச் செய்யும். இது 1,000 பாகைக்கு மேல் சூடு பிடிக்கும் தொழிற்சாலைச் சூளைக்குரிய வேலை. வீட்டு முற்றத்தில் முயன்று பணத்தை வீணாக்காதீர்கள்.

கல் வாங்குபவர்கள் முற்பணம் கொடுக்குமுன் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. ஒரு கல்லை நிறுத்துவிட்டு ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி நிறுங்கள். இரண்டரைக் கிலோக் கல் மூன்று கிலோவைத் தாண்டினால் அந்தச் சூளைக் கல் உங்களுக்கு வேண்டாம்.

கல்லை நீங்களே அறுப்பதாக இருந்தால், மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் மண் வெட்டாதீர்கள். மேலே புல் வெட்டிய காணி என்பது போதாது. களிமண்ணுக்கு ஆழமாகத் தோண்ட வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். விற்பனைக்கு மண் அகழ்வதானால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரமும் தேவை.

சாம்பலை அள்ளும்போது தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது; பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.