சிப்பிக்குள் ஓர் உருவகம்

'தி வேர்ல்ட் இஸ் யுவர் ஆய்ஸ்டர்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். உலகமே உன் சிப்பி! சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. இது உருவகம். திறந்து பார், உள்ளே முத்து இருக்கலாம். வாய்ப்பு உன் கையில் என்பதுதான் பொருள். ஷேக்ஸ்பியரின் 'தி மெரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்' நாடகத்தில், பிஸ்டல் என்பவன் அந்தச் சிப்பியை வாளால் திறக்கப்போவதாகப் பேசுகிறான். வழக்கு அங்கிருந்து வந்தது.

வாளால் திறப்பதெல்லாம் நாடகத்தில்தான். நம்ம தூத்துக்குடிக் கரையில் நடந்தது வேறு. கனமான கல்லின் துணையோடு மூச்சடக்கிக் கடலடி முத்துப் பார்களில் இறங்கியவர்கள், சிப்பிகளை வாரி வந்து கரையில் குவிப்பார்கள். சதை அழுகும்வரை காத்திருப்பார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். பிறகு கழுவிக் கழுவித் தேடினால், பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றுமே இருக்காது. 1961-இல் இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனது. அந்தக் காத்திருப்பைக் கண்ட ஊருக்கு, சிப்பியை ஏன் வாய்ப்புக்கு உருவகமாக்கினார்கள் என்று அகராதி பார்த்தா தெரிய வேண்டும்?

துறைமுகத்துக்கு ஏற்ற இன்னோர் ஆங்கில வழக்கு: 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்'. எல்லாக் கைகளும் கப்பலின் மேல்தளத்துக்கு வரட்டும். இங்கே கை என்றால் மாலுமி. பந்தியில் "தலைக்கு ரெண்டு வடை" என்கிறோமே, அதே சினையாகுபெயர்தான்.