அப்பத்தாவின் கண்ணாடியும் அந்நிய முதலீடும்

1980-களின் கடைசியில் எங்க அப்பத்தாவுக்குத் தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கண்புரை ஆபரேஷன் செய்தார்கள். பார்வை வந்தது, கூடவே சோடாபுட்டிக் கண்ணாடியும் வந்தது. அதைக் கழற்றினால் எங்களை அடையாளம் தெரியாது. பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் பெரியப்பாவுக்கு ஆபரேஷன். அவருக்கு அந்தக் கண்ணாடியே தேவைப்படவில்லை. நடுவில் என்ன மாறியது என்று தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

மாறியது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை. 1990-களின் தொடக்கத்தில் இறக்குமதி லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். இலவச நோயாளிகள் எல்லாருக்கும் அதை வைத்துக் கட்டுப்படியாகாது. 1992-ல் அரவிந்த் மதுரையில் ஆரோலேப் தொழிற்சாலையைத் தொடங்கியது. தொழில்நுட்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. சேவா பவுண்டேஷன் போன்ற வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகள் கைகொடுத்தன. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அந்த லென்ஸ் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இதைக் கறாராகப் பார்த்தால் முதலீடு என்று சொல்ல முடியாது. உதவியவர்கள் பங்கு கேட்கவில்லை. கம்பெனி அறக்கட்டளையின் கையிலேயே இருக்கிறது.

இன்னொரு வகைப் பணம் உண்டு. 2000-லிருந்து இந்திய மருத்துவமனைகளில் 100 சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி தேவையில்லை. நம்ம மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவையே பாருங்கள். திருவனந்தபுரம் கிம்ஸ்ஹெல்த்தை வாங்க 2023-ல் பிளாக்ஸ்டோன் வந்தது. கோழிக்கோடு பேபி மெமோரியலுக்கு 2024-ல் கேகேஆர். இரண்டுமே அமெரிக்க முதலீட்டு நிறுவனங்கள். இந்த மாதிரி நிதிகள் வாங்கி, வளர்த்து, சில வருஷங்களில் லாபத்துக்கு விற்றுவிட்டுப் போகும். அதுதான் அவர்கள் தொழில்.

இதனால் நல்ல கருவிகளும் கூடுதல் படுக்கைகளும் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பணம் நோயாளி எங்கே இருக்கிறார் என்று பார்க்காது, பில் கட்டுபவர் எங்கே என்றுதான் பார்க்கும். கருவி போகிற ஊருக்கே ஸ்பெஷலிஸ்ட்டும் போவார். கூடலூரிலிருந்து விடியக்காலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு நம்பிக்கை க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிதான். அதற்கு மேல் என்றால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதுரை. போய்வரும் நாளெல்லாம் கூலியும் போச்சு.

அதனால் "இத்தனை கோடி அந்நிய முதலீடு" என்று செய்தி வந்தால் நான் கேட்பது மூன்றே கேள்வி. யார் கைக்குப் போகிறது? எப்போது, எவ்வளவாகத் திரும்பக் கேட்பார்கள்? ஏழைக்கு ஆகும் செலவு குறையுமா?

அப்பத்தாவுக்கு அந்த லென்ஸ் சில வருஷம் தாமதமாகிவிட்டது. கடைசி வரைக்கும் கண்ணாடியை நூல் கட்டித்தான் மாட்டியிருந்துச்சு.