கந்தையும் கபிலையும்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் இல்லங்களில் எத்தனையோ பொருள்கள் உண்டு. கட்டில் இருக்கும், குளிர்ப்பெட்டி இருக்கும், சுவரில் சொந்த ஊர்க் கோயிலின் படமும் இருக்கும். சுற்றம் மட்டும் இராது. பாட்டியும் தாத்தாவும், அத்தையும் மாமனும் கைபேசியின் சிறு கண்ணாடிக்குள் வாரம் ஒருமுறை தோன்றி மறைகின்றனர். பிள்ளைகளுக்கு அவர்கள் முகம் தெரியும், மடி தெரியாது. பெற்றோர் இருவரே பிள்ளைகளுக்குப் பெற்றோராகவும், சுற்றமாகவும், ஊராகவும் நிற்க வேண்டியிருக்கிறது.

இக்குறையை முற்றும் நீக்க எவராலும் இயலாது. ஆயினும் ஓரளவு நிறைக்கலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. சில பழஞ்சேலைகளும், ஊசி நூலும், மாதத்தில் இரண்டு ஓய்வு நாட்களும் போதும். எங்கள் இல்லத்தில் கண்டதையும், இது பற்றிப் பிறநாட்டார் செய்து வருவதையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கூடு என்னும் ஊர்

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நான் மனைவி மக்களோடு நஞ்சன்கூட்டில் குடியிருக்கிறேன். மைசூருக்குத் தெற்கே கபிலையாற்றின் கரையில் அமைந்த ஊர் இது. நஞ்சுண்ட பெருமான் கோயில் கொண்டிருப்பதால் இப்பெயர் பெற்றது. கன்னடத்திலும் நஞ்சு நஞ்சுதான்; கூடு என்பதும் இருமொழிக்கும் உரிய சொல்லே. எங்கள் மூத்த மகள் பள்ளியில் கன்னடம் கற்கத் தொடங்கிய ஆண்டில், இந்த ஒரு பெயரைக் கொண்டே இரு மொழிகளின் உறவை அவளுக்கு விளக்க முடிந்தது.

குருவி கூடு கட்டுவதைப் பாருங்கள். புதுப் பொருள் எதையும் அது தேடுவதில்லை. நாரும், சருகும், எவரோ எறிந்த நூலும் அதற்குப் போதும். ஊர்விட்டு வந்த குடும்பமும் அவ்வாறே, கிடைத்தவற்றைக் கொண்டு தன் கூட்டைப் பின்ன வேண்டியிருக்கிறது.

அம்மாவின் சேலைகள்

தமிழ் இல்லங்களில் பழஞ்சேலைக்கு ஓய்வே கிடையாது. உடுத்தி நைந்தபின் அது தூளியாகும். தூளி கிழிந்தபின் குழந்தைக்குப் பழந்துணியாகும். இறுதியில் அடுப்படியில் கரித்துணியாகும். கன்னட நாட்டில், குறிப்பாக வடபகுதியில், அதற்கு இன்னொரு பிறவியும் உண்டு. பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக விரித்து, மேலே பலவண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நெருக்கமாக நூலோட்டித் தடித்த போர்வையாக்குகின்றனர். அதற்குக் கௌதி என்று பெயர்.

சென்ற ஆண்டு என் தாயார் கும்பகோணத்துக்கு அருகே எங்கள் ஊரில் காலமானார். சில மாதங்கள் கழித்து அண்ணியார் ஒரு மூட்டையை அனுப்பினார். அதில் அம்மா உடுத்திய பருத்திச் சேலைகள் ஐந்து இருந்தன. இரண்டு சுங்குடி, ஒன்று கண்டாங்கி, மற்ற இரண்டும் கட்டம் போட்டவை. அவற்றை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. உறவினரான பெரியவர் ஒருவர், "இறந்தவர் உடையைச் சிறு பிள்ளைகள் புழங்கும் வீட்டில் வைத்திருப்பது தகாது, எவருக்கேனும் தானம் செய்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் கூறினார். என் மனைவிக்கோ அவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை. பெட்டியில் பூட்டி வைப்பதும் அவளுக்கு உடன்பாடில்லை.

அடுத்த வீட்டில் ஓர் அஜ்ஜி இருக்கிறார். தார்வாடப் பக்கத்திலிருந்து மகனுடைய ஆலை வேலையின் பொருட்டு இங்கு வந்தவர். தம் மாநிலத்துக்குள்ளேயே அவரும் எங்களைப் போல் ஊர்விட்டு வந்தவர்தாம். அவர் அந்தச் சேலைகளைத் தடவிப் பார்த்தார். "தாயின் சேலைக்குத் தீட்டு ஏது மகளே? பெட்டியில் வைத்தால் பூச்சி தின்னும். பேரப்பிள்ளைகள் போர்த்திக்கொள்ளட்டும்" என்றார். அன்றே ஊசியும் எடுத்து வந்தார். உறவினர் இன்னும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் வரும் நாட்களில் அப்போர்வையை மடித்து உள்ளறையில் வைத்துவிடுகிறோம். பெரியவர் மனமும் நோகலாகாது அல்லவா?

கௌதி தைக்கும் முறை

வேலை எளியது, பொறுமையே முதல். ஆறு கஜச் சேலை ஏறத்தாழ 18 அடி நீளமும் 4 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. அதை மூன்றாக மடித்தால் 6 அடி நீளத்தில் மூன்று அடுக்குகள் கிடைக்கும். பிள்ளைகள் இருவர் படுக்க இதுவே போதிய அளவு. சேலையை முதலில் கொதிநீரில் அலசிக் கஞ்சி போக்கி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். புதுத்துணியைக் கலத்தல் கூடாது. முதற்சலவையில் அது சுருங்கி, போர்வை முழுவதையும் சுருட்டி இழுத்துவிடும். சாயம் போகும் துணியும், செயற்கை இழைத் துணியும் ஆகா. நைந்த பருத்தியே மெத்தென்றிருக்கும், வியர்வையையும் உறிஞ்சும்.

அடுக்குகளைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, அசையாதபடி ஆங்காங்கே ஊக்குக் குத்த வேண்டும். பின்னர் ஓரத்திலிருந்து தையல் தொடங்குகிறது. ஒட்டுத் துண்டுகளின் விளிம்பை உள்மடித்து வைத்து, தடித்த நூலால் நேராக நூலோட்டிக்கொண்டே நான்கு ஓரங்களையும் சுற்றி வர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இவ்வாறு சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பது அஜ்ஜியின் முறை. ஆவணியில் தொடங்கிய எங்கள் கௌதி, மார்கழிக் குளிருக்கு முன் முடிந்தது. நாள்தோறும் விளக்கு வைத்தபின் ஒருமணி நேரமே அதற்குச் செலவாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும்போது, இத்தகைய கனத்த போர்வையை அதன்மேல் போர்த்தலாகாது. அதன் அருகிலும் தளர்வாகக் கிடக்க விடலாகாது. மூச்சுத் திணற இடமுண்டு என்று மருத்துவர் கூறுவர். வளர்ந்த பிள்ளைகளுக்கே இது ஏற்றது.

பிறநாட்டார் கைவண்ணம்

இக்கலை ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்துத் தைப்பர். அதற்குக் காந்தா என்று பெயர். நம் கந்தை என்னும் சொல்லோடு அது எவ்வளவு ஒத்திருக்கிறது பாருங்கள்!

வடகன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாளம், முண்டகோடு ஆகிய வட்டங்களில் சித்தியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து, பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஒரு மூலையில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றித் தைப்பதே அவர்கள் முறையும். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூப்போல் ஒன்று வைத்து முடிப்பர். அந்தப் பூ இல்லையேல் போர்வை நிறைவு பெறாது என்பது அவர்கள் கொள்கை. இன்று அப்போர்வைகளை வெளிநாட்டுக் கலைக்கூடங்களும் விரும்பி வாங்குகின்றன.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. அங்கும் அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த பெண்கள் பழந்துணிகளால் போர்வை தைத்து வந்தனர். 1942இல் மிசூரி பெட்வே என்னும் பெண்மணி, தம் கணவர் இறந்தபின் அவர் வயலில் உடுத்திய உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். மகள் ஆர்லோன்சியா கைகொடுத்தாள். கணவரை மறவாதிருக்கவும், அந்த அன்பைப் போர்த்திக் கொள்ளவுமே அவர் அதைச் செய்தார். 2006இல் அவ்வூர்ப் போர்வைகளின் உருவங்களை அமெரிக்க அரசு அஞ்சல் தலைகளாக வெளியிட்டுச் சிறப்பித்தது. இச்செய்தியை நான் படித்துக் காட்டியபோது என் மனைவி தையலை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பின்னர், "நமக்கு முன்பே ஒருத்தி செய்திருக்கிறாளே!" என்றாள்.

துண்டுக்கு ஒரு கதை

போர்வையால் குளிர் தீர்ந்தது உண்மையே. அதனினும் பெரிய நன்மை தைத்துக்கொண்டிருந்த மாலைகளில் விளைந்தது. மகளுக்கு வயது ஏழு, மகனுக்கு மூன்று. தெருவிலும் பள்ளியிலும் கன்னடமே புழங்குவதால், வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டாலும் மகள் கன்னடத்தில் விடை கூறத் தொடங்கியிருந்தாள். கண்டித்தபோது பேச்சே குறைந்தது. தையல் தொடங்கியபின் அவளாகவே கேட்கலானாள். "இந்தச் சேலையை ஆத்தா எப்போது உடுத்துவார்கள்? இந்தக் கறை எப்படி வந்தது?" விடை சொல்ல வேண்டுமாயின் ஊரைச் சொல்ல வேண்டும், வாய்க்காலைச் சொல்ல வேண்டும், நாற்றுநடவு நாளைச் சொல்ல வேண்டும். முந்தானை, கொசுவம், கரை, உடல் என்று சேலையின் உறுப்புகளை அவள் அறிந்தாள். நடவு, களம், பத்தாயம் என்னும் சொற்கள் அவற்றைத் தொடர்ந்து வந்தன. எந்தப் பாடநூலும் எங்கள் வீட்டில் இவ்வளவு தமிழைக் கொண்டுவந்ததில்லை.

மகனுக்கும் வேலை உண்டு. துண்டுகளை வண்ணவாரியாகப் பிரிப்பது அவன் பங்கு. அவனுடைய தொட்டில் துணியிலிருந்து ஒரு துண்டும், என் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டும், அஜ்ஜி தம் இல்கல் சேலையிலிருந்து அன்போடு தந்த ஒரு துண்டும் அம்மாவின் சுங்குடிக்கு அருகே இடம்பெற்றன.

எளிய உலாக்கள்

ஓய்வு நாளில் கௌதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்வோம். பருவத்தில் கிடைத்தால் இவ்வூரின் புகழ்பெற்ற ரசவாழைப்பழமும் உண்டு. மரநிழலில் கௌதியை விரித்தால் அதுவே எங்கள் மாளிகை.

காண வேண்டியவை அருகிலேயே இருக்கின்றன. ஒன்பது நிலை இராசகோபுரத்தின் நிலைகளை எண்ணுவது பிள்ளைகளுக்குச் சலிக்காத விளையாட்டு. திப்பு சுல்தானின் யானைக்குக் கண்பார்வை மீண்டதாகவும், அவர் மகிழ்ந்து மரகதலிங்கம் வழங்கி, இறைவனை ஹக்கீம் நஞ்சுண்டன், அதாவது மருத்துவன் என அழைத்ததாகவும் வழங்கும் கதையை அங்கு கூறலாம். ஆற்றின்மேல் 1735இல் தளவாய் தேவராசர் கட்டுவித்த கற்பாலம் நிற்கிறது. நெடுங்காலம் சாலையையும் இருப்புப்பாதையையும் ஒருங்கே சுமந்த பாலம் அது. அகலப்பாதை வந்தபின் வண்டிகள் புதிய பாலத்தின்மேல் செல்கின்றன. பழைய பாலத்தைக் காட்டி அதன் வரலாற்றைச் சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பர்.

இருப்புப்பாதையில் செல்ல விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை பயணச்சீட்டு வேண்டுவதில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு, முன்பதிவில்லாப் பெட்டியில் அரைக்கட்டணமே. வடக்கே மைசூர் விலங்கினச்சாலை 1892இல் தொடங்கப் பெற்றது; செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை என்பதை நினைவிற் கொள்க. தெற்கே சாமராஜநகரோடு பாதை முடிகிறது.

ஆற்றங்கரைக்குச் செல்வோர் மழைக்காலத்தில் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும். மேலே கபினி அணை திறக்கப்பட்டால் நீர் விரைந்து ஏறும். 2019 ஆகஸ்டில் வெள்ளம் ஊருக்குள்ளேயே புகுந்தது. பிள்ளைகளின் கையை விடலாகாது.

ஒரே நீர்

வயநாட்டில் பிறக்கும் கபிலை இவ்வூரைக் கடந்து திருமகூடல் நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அங்கிருந்து ஒகேனக்கல், மேட்டூர், திருச்சி என்று நம் நாட்டுக்குள் செல்கிறது. "இந்தத் தண்ணீர் ஆத்தா ஊருக்குப் போகுமா?" என்று மகன் கேட்டான். போகும் என்றேன். அதன்பின் ஆற்றைக் காணும்போதெல்லாம் ஒரு பூவை அதில் விடுகிறான்.

அதே நீரை முன்னிட்டு 1991ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல துன்புற்றதை மூத்தோர் மறக்கமாட்டார்கள். பங்கீட்டு வழக்கை வழக்கறிஞரும் அரசுகளும் பேசட்டும். அண்டை வீட்டாரோடு நமக்குள்ள உறவை நாமே பேண வேண்டும். அவ்வுறவு ஒரு நாளில் அமைவதன்று. ஊசி கடன் கேட்பதிலும், பண்டம் பகிர்வதிலும், ஒரே துணியின் இரு பக்கத்தில் அமர்ந்து தைப்பதிலும் அது மெல்ல வளர்கிறது. அஜ்ஜியிடம் என் மகள் கன்னடம் பேசுகிறாள். எங்களிடம் தமிழ் பேசுகிறாள். இரண்டும் அவளுக்குக் குறைவறக் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, பெரியவர்கள் உடுத்திப் பழகிய சேலை ஒன்றையும் வேட்டி ஒன்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். அவர்கள் நலமோடு இருக்கும்போதே அதை உடுத்திய நாட்களைப் பற்றிக் கேட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தையல் அறியாதோர் அண்டை வீட்டு மூதாட்டியரை அணுகினால் மகிழ்ந்து கற்பிப்பர். பொங்கலுக்குள் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு போர்வை உருவாகுமாயின், வரும் குளிர்காலத்தில் நம் பிள்ளைகள் பாட்டியின் சேலைக்குள் உறங்குவார்கள்.