வெளிநாட்டுப் பயணத்தில் தொலையும் பயணப் பொதியும் பயணத் தடங்கல்களும்

விமானத்தில் ஒப்படைத்த பெட்டி போய்ச் சேர வேண்டிய ஊருக்கு வராமல் போவதும், விமானமோ தொடர்வண்டியோ தாமதமாவதும் ரத்தாவதும் வெளிநாட்டுப் பயணத்தில் அடிக்கடி நேரும் இடர்கள் ஆகும். மேற்படிப்புக்காக முதன்முறை கடல் கடந்து செல்லும் மாணவருக்கு அந்த ஒரு பெட்டியில்தான் குளிருடை முதல் சமையல் பாத்திரம் வரை எல்லாம் இருக்கும். இத்தகைய இழப்புகளுக்கு ஈடு கேட்கும் உரிமையைப் பன்னாட்டுச் சட்டம் பயணிக்குத் தந்துள்ளது. ஆனால் அந்த ஈடு தானாகக் கைக்கு வருவதில்லை. உரிய இடத்தில், எழுத்து வடிவில், குறித்த நாள்களுக்குள் கேட்டால்தான் கிடைக்கும்.

பெட்டி ஏன் தவறுகிறது?

விமான நிலையத்தில் பெட்டியில் ஒட்டப்படும் சீட்டில் பட்டைக்குறியும் பத்து இலக்க எண்ணும் இருக்கும். பெட்டியை எந்த விமானத்தில் ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதை இந்த எண்ணைக் கொண்டே இயந்திரங்களும் பணியாளர்களும் அறிகின்றனர். சீட்டு கிழிந்தாலோ, பழைய பயணத்தின் சீட்டு அகற்றப்படாமல் இருந்தாலோ பெட்டி வழிமாற வாய்ப்புண்டு.

எனினும், பெட்டிகள் தவறுவதற்கு மிகப் பெரிய காரணம் விமானம் மாறுதல் ஆகும். சென்னையிலிருந்து துபாய் அல்லது தோகா வழியாக ஐரோப்பா செல்பவரின் முதல் விமானம் தாமதமானால், அவர் ஓடிச் சென்று அடுத்த விமானத்தைப் பிடித்துவிடலாம். பெட்டியை இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்ற நேரம் போதாமல் போகலாம். உலக அளவில் 2022இல் ஆயிரம் பயணிகளுக்கு 7.6 பெட்டிகளும், 2023இல் 6.9 பெட்டிகளும் தவறின என்பது விமானத் துறைத் தொழில்நுட்ப நிறுவனமான சிட்டாவின் கணக்கு. இவற்றில் பெரும்பாலானவை தாமதமானவையே. சில நாள்களில் உரியவரிடம் வந்து சேர்ந்துவிடும்.

தொலையாத பெட்டியைத் தொலைந்ததாக எண்ணுவதும் உண்டு. அமெரிக்காவுக்குள் நுழையும் பயணி, கடைசி ஊர்வரை சீட்டு ஒட்டப்பட்டிருந்தாலும், பொதுவாக முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். இதை அறியாமல் அடுத்த விமானத்தில் ஏறினால் பெட்டி முதல் ஊரிலேயே தங்கிவிடும்.

வருகைக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்

பெட்டி வரவில்லை என்று உறுதியானதும், சுங்கப் பகுதியைக் கடப்பதற்கு முன்பே அங்குள்ள பயணப் பொதிச் சேவை முகப்பில் புகார் பதிய வேண்டும். பல விமானங்களில் மாறி வந்திருந்தால், கடைசியாக அழைத்து வந்த நிறுவனத்தின் முகப்பை அணுகுவதே நடைமுறை.

அங்கு நிரப்பப்படும் படிவம் பி.ஐ.ஆர். எனப்படுகிறது. பெட்டிகளின் வடிவங்களும் நிறங்களும் அச்சிட்ட அட்டை ஒன்றைக் காட்டி, உங்கள் பெட்டி எதைப் போன்றது என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவற்றில் எளிதில் அடையாளம் காணத்தக்க ஓரிரு பொருள்களையும் சொல்வது நல்லது. சீட்டு கழன்றுவிட்ட பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அந்தக் குறிப்பே உரியவரைக் காட்டிக்கொடுக்கும். தங்கப்போகும் இடத்தின் முகவரியையும் அந்நாட்டில் இயங்கும் தொலைபேசி எண்ணையும் தர வேண்டும்.

பதிவு முடிந்ததும் ஒரு குறிப்பெண் வழங்கப்படும். அதில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி, நிறுவனத்தின் ஈரெழுத்துக் குறி, ஐந்து இலக்கங்கள் ஆகியவை இருக்கும். பல நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் வேர்ல்டு டிரேசர் என்ற தேடல் அமைப்பில் இந்த எண்ணைக் கொண்டு பெட்டியின் நிலையை அறியலாம். குறிப்பெண் இல்லாமல் வெளியே வந்துவிட்டால், பெட்டி வரவில்லை என்பதை மெய்ப்பிப்பதே பெரும்பாடாகிவிடும்.

மான்ட்ரியல் உடன்படிக்கை

பன்னாட்டு விமானப் பயணத்தில் பயணியின் உரிமைகளை வரையறுப்பது 1999 மே 28 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை ஆகும். இது 2003 நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. 130க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. இந்தியா 2009இல் இணைந்தது. இதற்கு முந்தைய 1929ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கை, ஒப்படைத்த பொதியின் எடையைக் கணக்கிட்டே ஈட்டின் உச்சவரம்பை வைத்தது. மான்ட்ரியல் உடன்படிக்கை அதை மாற்றி, ஒரு பயணிக்கு இவ்வளவு என்று வரம்பிட்டது.

இந்த வரம்பு, பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆர். மூலம் குறிக்கப்படுகிறது. தொடக்கத்தில் 1,000 எஸ்.டி.ஆர். ஆக இருந்த தொகை பலமுறை உயர்த்தப்பட்டு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். ஆக உள்ளது. இது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இது உச்சவரம்பு மட்டுமே. எல்லோருக்கும் முழுத் தொகை கிடைக்காது. இழந்த பொருள்களின் மதிப்பைப் பட்டியலிட்டு, இயன்றவரை ரசீதுகளுடன் காட்ட வேண்டும். இதைவிட விலை உயர்ந்த பொருள்களை ஒப்படைப்பவர், முன்கூட்டியே மதிப்பை அறிவித்து, நிறுவனம் கேட்கும் கூடுதல் கட்டணத்தையும் செலுத்தினால் வரம்பு உயரும்.

ஒப்படைத்த பெட்டி தொலைந்தாலோ சேதமடைந்தாலோ நிறுவனத்தின் தவற்றைப் பயணி மெய்ப்பிக்கத் தேவையில்லை. பெட்டியின் சொந்தக் குறைபாட்டால் நேர்ந்த சேதத்துக்கு மட்டும் நிறுவனம் பொறுப்பாகாது. கைப்பையைப் பொறுத்தவரை நிறுவனத்தின் தவறு இருந்தால்தான் ஈடு உண்டு.

நினைவில் கொள்ள வேண்டிய காலக்கெடுக்கள்

சேதம்: பெட்டியைப் பெற்ற நாளிலிருந்து 7 நாள்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும்.

தாமதம்: பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும்.

இழப்பு: வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள்கள் கடந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி ஈடு கேட்கலாம். நிறுவனமே இழப்பை ஒப்புக்கொண்டால் அதற்கு முன்பும் கேட்கலாம்.

வழக்கு: 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

பலர் இடறி விழுவது இங்கேதான். முகப்பில் பி.ஐ.ஆர். பதிந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகின்றனர். அது தேடலுக்கான பதிவு. ஈடு கேட்கும் கோரிக்கையை நிறுவனத்தின் இணையப் படிவத்திலோ மின்னஞ்சலிலோ தனியாக அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி வரும்வரை வாங்க நேர்ந்த மாற்றுடை, சோப்பு, பற்பசை போன்ற இன்றியமையாப் பொருள்களின் ரசீதுகளையும் அதனுடன் சேர்க்கலாம். செலவு நியாயமான அளவில் இருக்க வேண்டும்.

விமானம் ரத்தானால்

பயணத் தடங்கலுக்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இவற்றுள் பயணிக்கு மிகவும் துணை நிற்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் ஒழுங்குமுறை. ஒன்றியத்தின் விமான நிலையங்களிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும்போது, அங்குள்ள நிறுவனம் இயக்கும் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஜெர்மானிய நிறுவனத்தின் விமானத்தில் செல்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு; வளைகுடா நிறுவனத்தில் செல்பவருக்கு அதே வழியில் இல்லை.

இதன்படி, உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானாலோ, மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகச் சேர்ந்தாலோ, தொலைவைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ ஈடு கேட்கலாம். கடும் வானிலை போன்ற அசாதாரணச் சூழலில் இந்த ஈடு கிடையாது. ஆனால் காத்திருக்கும் பயணிக்கு உணவும், தேவைப்பட்டால் தங்கும் அறையும் தரும் கடமை அப்போதும் நீங்காது.

இதற்குச் சான்றாக நிற்பது 2010 ஏப்ரல் நிகழ்வு. ஐஸ்லாந்தின் எய்யாபியாட்லாயோகுட்ல் எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பிய வான்வழி மூடப்பட்டு, ஏறத்தாழ ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. போர்ச்சுகலின் பாரோ நகரில் ஒரு வாரம் சிக்கிய பயணி ஒருவர், உணவுக்கும் தங்குவதற்கும் ஆன ஏறத்தாழ 1,130 யூரோவை ரயன்ஏர் நிறுவனத்திடம் கேட்டார். எரிமலை வெடித்தாலும் பயணியைப் பேணும் கடமைக்குக் கால வரம்போ பண வரம்போ இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நிறுவனம் உதவாதபோது பயணி தானே செய்யும் தேவையான, நியாயமான செலவைத் திரும்பப் பெறலாம் என்பதும் அத்தீர்ப்பால் உறுதியானது. அதற்கும் ரசீதுகளே சான்று.

ஒரே சீட்டா, தனித்தனிச் சீட்டா?

முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டவரை வேறு விமானத்தில் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று இரு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கிய சீட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டாம் நிறுவனத்தின் கண்ணில் அவர் நேரத்துக்கு வராத பயணி மட்டுமே. அத்தகைய பயணத்தில் இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும்.

தொடர்வண்டிப் பயணம்

ஐரோப்பிய ஒன்றியத் தொடர்வண்டிகள் 60 நிமிடம் முதல் 119 நிமிடம் வரை தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடமும் அதற்கு மேலும் ஆனால் 50 விழுக்காடும் ஈடாகக் கேட்கலாம். சில விதிவிலக்குகள் உண்டு. ஜப்பானில் வண்டி தாமதமானால் தொடர்வண்டி நிறுவனங்கள் தாமதச் சான்றிதழ் தருகின்றன. வகுப்புக்கோ தேர்வுக்கோ பிந்திச் செல்லும் மாணவருக்கு அது உதவும்.

புறப்படும் முன்

கடவுச்சீட்டு, கல்விச் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், பணம், நகை, மருத்துவர் சீட்டுடன் கூடிய மருந்துகள் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைக்க வேண்டும். ஒரு மாற்றுடையும் அதில் இருக்கட்டும். பவர் பேங்கை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. பெட்டியின் வெளியே மட்டுமன்றி உள்ளேயும் பெயரும் மின்னஞ்சலும் எழுதிய தாளை வைக்கலாம். பெட்டியை மூடும் முன் உள்ளிருப்பவற்றையும், மூடிய பின் அதன் வெளித்தோற்றத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது பின்னாளில் பட்டியலிட உதவும். பழைய சீட்டுகளைக் கிழித்தெறிய வேண்டும். முகப்பில் புதிய சீட்டு ஒட்டப்படும்போது அதிலுள்ள ஊர் சரிதானா என்று பார்த்து, கையில் தரும் துண்டுச் சீட்டையும் போர்டிங் பாஸையும் பெட்டி கைக்கு வரும்வரை பத்திரப்படுத்த வேண்டும்.