பழம்பெயர் பலர்க்கு அமைவது குறையாகுமா?

மகப்பேறு வாய்த்த இல்லத்தில் பெயர் சூட்டுதல் தலையாய மங்கல நிகழ்ச்சியாகும். ஒருவரை உலகம் அறிவதும் அழைப்பதும் பெயராலேயே ஆதலின், எப்பெயர் இடுவது என்று பெற்றோர் பலகாலும் எண்ணிப் பார்ப்பது இயல்பே.

பழமையானவை என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட பெயர்கள் இந்நாளில் மீண்டும் விரும்பி இடப்படுகின்றன. ஆதிரை, கோதை, கபிலன், அமுதன் முதலிய பெயர்கள் தொட்டில்தோறும் ஒலிக்கக் காண்கிறோம். இது மகிழத்தக்கது. ஆயினும் இதனோடு ஓர் ஐயமும் பிறந்துள்ளது. "அரிய பெயர் என்று தேர்ந்தோம், அடுத்த தெருவிலும் அதே பெயர். பள்ளியில் ஒரே வகுப்பில் மூவர் இருப்பர் போலும். வேறு பெயர் தேடலாமா?" என்று இளம்பெற்றோர் வினவுகின்றனர். இதற்கு நம் மரபு கூறும் விடையைச் சிறிது ஆராய்வோம்.

பெயரன் என்னும் சொல்

மகனுக்கு மகனைப் பேரன் என்கிறோம். இச்சொல் பெயரன் என்பதன் மரூஉ ஆகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பேர்த்தி என்பதும் அவ்வாறே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது. முன்னோர் பெயர் மீண்டும் மீண்டும் வருதல் வேண்டும் என்னும் கருத்து, உறவைக் குறிக்கும் சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது. மாமனார் பெயரைச் சொல்லலாகாது என்னும் வழக்கமுடைய மருமகள், அப்பெயர் பெற்ற தன் மகனை 'ஐயா' என்றும் 'ராசா' என்றும் அழைத்து வளர்த்ததை முதியோர் அறிவர்.

அடியேனிடம் பெயர் பற்றிக் கேட்க வந்த ஓர் இளந்தம்பதியர், மறைந்த பாட்டியின் பெயராகிய காமாட்சி என்பதைப் பெண்மகவுக்கு இட முடிவு செய்திருந்தனர். உறவினர் இல்லங்களில் ஏற்கெனவே இரண்டு காமாட்சிகள் இருத்தலால் பின்னர்த் தயங்கினர். உடன் வந்த பாட்டனார் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்பு, "ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்தும் அவளை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்தேனில்லை. இனியேனும் வாயார அழைக்கலாம் என்றிருந்தேன்" என்றார். அதன்பின் வேறு பேச்சு எழவில்லை, அப்பெயரே இடப்பட்டது. எத்தனை காமாட்சிகள் இருந்தாலும், அம்முதியவர் நாவினின்று வருவது ஒரு காமாட்சியே அன்றோ!

அப்பூதியடிகள் இல்லம்

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டும் திங்களூர் அப்பூதியடிகளை நினைவு கூர்க. திருநாவுக்கரசரை நேரிற் காணாமுன்பே அவர்பால் பேரன்பு பூண்ட அவ்வடியார், தம் மக்கள் அனைவர்க்கும் அப்பெயரையே இட்டார். இல்லத்து அளவைகள், நிறைகோல், ஆவினம், தண்ணீர்ப் பந்தர் யாவும் அப்பெயரே தாங்கின. ஒரே இல்லத்தில் ஒரே பெயர் பலர்க்கு! மூத்த திருநாவுக்கரசு என அடைகொடுத்து வேறுபடுத்தினரேயன்றிப் பெயரை மாற்றினாரல்லர். அம்மூத்த மகனே வாழைக்குருத்து அரியச் சென்று அரவு தீண்டி உயிர் நீங்கி, நாவரசர் பதிகத்தால் மீண்டெழுந்தான்.

பெரியாழ்வாரும் தம் திருமொழியில், மக்களுக்குத் திருமாலின் திருநாமங்களையே இடுமாறு பெற்றோரை வற்புறுத்தி ஒரு பதிகம் பாடியுள்ளார். மகவை அழைக்குந்தோறும் இறைவன் நாமம் நாவில் பயிலும் என்பது கருத்து. இறைநாமம் கோடிக்கணக்கானோர்க்கு உரியது; அதனால் அதன் சிறப்புக் குன்றியதுண்டோ?

சான்றோர் கண்ட வழி

ஒருபெயர் பலர்க்கு அமைதல் சங்க காலத்திலும் உண்டு. புலவருள் சாத்தனார் என்னும் பெயருடையார் பலர். சீத்தலைச் சாத்தனார், ஆலம்பேரி சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் என அடைமொழிகளே அவர்களை வேறு பிரித்து உணர்த்துகின்றன. சீத்தலைச் சாத்தனார்க்குக் கூலவாணிகன் என்னும் தொழிற்பெயரும் உடன் வரும். நக்கீரனாரை மதுரைக் கணக்காயனார் மகனார் எனத் தந்தையொடு சார்த்திக் கூறினர். ஊர், தொழில், தந்தை ஆகியன பெயரைத் தனித்து அறியச் செய்தன. புலமை அதனை நிலைபெறச் செய்தது.

இக்காலத்தில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாகவே அமைந்து, பள்ளியிலும் அலுவலகங்களிலும் இடர் நேர்தல் உண்மையே. தலைப்பெழுத்தோடு நில்லாது தந்தை பெயரை முழுமையாக எழுதுதலும், தாய் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்தலும் இவ்விடரைப் பெரிதும் நீக்கும்.

வேறு பெயர் விழைவோர்க்கு

முன்னோர் பெயரும் நேர்ச்சைப் பெயரும் இல்லாது, அருகி வழங்கும் பெயரே வேண்டும் என்பார், பொருளற்ற ஓசைகளைக் கூட்டிப் புதுப்பெயர் புனைய வேண்டுவதில்லை. தம் ஊர்த் திருக்கோயிலுக்குச் சென்று அம்மையப்பர் திருநாமங்களைக் கேட்டறிக. திருக்குற்றாலத்தில் குழல்வாய்மொழி, திருச்சிராப்பள்ளியில் மட்டுவார்குழலி, சீர்காழியில் திருநிலைநாயகி, திருவையாற்றில் அறம்வளர்த்தநாயகி, திருமுல்லைவாயிலில் கொடியிடைநாயகி, திருவொற்றியூரில் வடிவுடையம்மை என அன்னைக்கு எத்துணை அழகிய தமிழ்ப்பெயர்கள்! இவற்றுள் பல இன்று இடுவார் இன்றியே உள்ளன. நெல்லையப்பன், ஐயாறப்பன், தாயுமானவன் என்னும் பெயர்களும் அத்தகையனவே. இவை குழந்தையின் பெயரோடு அதன் ஊரையும் உடன் சொல்லும்.

விரைந்து முடிவு செய்யவேண்டும் என்னும் கவலையும் வேண்டா. பிறப்பைப் பெயரின்றிப் பதிவு செய்திருப்பினும், பதிவு நாள் முதல் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். எனவே வீட்டுப் பெரியோருடன் அமர்ந்து ஆறுதலாகக் கலந்து பேசுக. பெயரின் பொருளை அறிக. அதனை இட்ட காரணத்தைக் குழந்தைக்கு அறிவு வரும்போது எடுத்துரைக்க. "இது உன் பாட்டியின் பெயர்", "இது நம் ஊர் அம்மையின் பெயர்" என்று கேட்டு வளரும் குழந்தை, அப்பெயருடையார் நூற்றுவர் நடுவில் நின்றாலும் தன் பெயரின் அருமையை உணர்ந்தே நிற்கும்.

பிறந்த மகவெல்லாம் நோயற்ற வாழ்வும் நீண்ட ஆயுளும் பெற்று, இட்ட பெயர் விளங்க வாழத் திருவருள் துணைநிற்பதாக!