தூங்கிவிழும் பிள்ளை சோம்பேறியா?

பரீட்சைக் காலத்தில் புசல்லாவைத் தோட்ட லயங்களில் விளக்குகள் வெகுநேரம் எரிகின்றன. புத்தகத்தின் மீது தூங்கிவிழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுகிறோம். அது சரியன்று. பருவ வயதில் தூக்கம் பிந்தியே வரும். அது உடலின் இயல்பு. ஆனால் பிரட்டுக்குப் புறப்படும் பெற்றோரோடு பிள்ளையும் விடியுமுன் எழுகிறது. இவ்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான்.

இரவில் குடிக்கும் தேத்தண்ணி தூக்கத்தைத் தள்ளிவைக்குமே தவிர, அசதியைப் போக்காது. சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். இரத்தசோகையும் அசதிக்கு ஒரு காரணமே.

பெற்றோரே, மாலையில் தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையரைப் பார்ப்பது போன்ற வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பிள்ளை வெள்ளனப் படித்து முடித்து, 9 மணிக்கு உறங்கட்டும்.